ஏழு மணி நாலு விநாடி

ஆபீஸில் அவளுக்குப் பட்டன் அக்கா என்று பேர். யார் வைத்தார்கள் என்று தெரியாது, ஏன் வைத்தார்கள் என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும். லிஃப்டில் ஏறினால் அவளால் சும்மா நிற்க முடியாது. கதவைத் திறக்கும் பட்டனும் மூடும் பட்டனும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி ஒரே ஜாடையில் ஒட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்து, "இதைப் போட்ட மனுஷன் ஒரு நாளாவது லிஃப்டுல ஏறியிருப்பாரா?" என்று பக்கத்தில் நிற்பவரிடம் கேட்பாள். பக்கத்தில் நிற்பவர் மாடி எண்ணையே பார்த்துக்கொண்டிருப்பார். இழுக்க வேண்டிய கதவைத் தள்ளி யாராவது முட்டிக்கொண்டால் அவளுக்குச் சிரிப்பு வராது, கோபம்தான் வரும், அதுவும் கதவின் மேல். வீட்டில் அவள் கணவர் டிவி ரிமோட்டை அவள் கண்ணில் படாமல்தான் வைத்திருப்பார். பட்டுவிட்டால் அன்றைக்கு டிவி பார்த்த மாதிரிதான்.

செல்போனில் ஓடும் மருத்துவச் செயலிகளுக்குத் திரை வரைவது அவள் வேலை. எந்தப் பட்டன் எங்கே இருக்க வேண்டும், எவ்வளவு பெரிதாக, என்ன நிறத்தில், அதன் மேல் என்ன எழுத்து என்பதெல்லாம் அவள் பொறுப்பு. கேட்பதற்கு இது ஒரு வேலையா என்று தோன்றும். அவள் சொந்த மாமியாருக்கே பல வருஷம் அப்படித்தான் தோன்றியது. ஆனால் அவளுக்கு இது சும்மா வந்து ஒட்டிய பைத்தியமல்ல. இருபத்திரண்டு வயதில் ஓர் அச்சகத்தில் மருந்துப் பாட்டில் லேபிள்களுக்கு எழுத்து அடுக்கும் வேலையில் இருந்தபோது, ஒருவர் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு நேராக அச்சகத்துக்கே வந்து, "எத்தனை ஸ்பூன்னு நீங்களே படிச்சுச் சொல்லிடுங்கம்மா" என்று நீட்டினார். கண்ணாடி போட்டும் அவரால் படிக்க முடியவில்லை. கண்ணாடி போடாத அவளாலும் முடியவில்லை. அன்றைக்குப் பிடித்தது, நாற்பத்து மூன்று வயதாகியும் விடவில்லை.

அவளுக்கு ஓர் அண்ணன். பத்து வயது மூத்தவர். பேக்கரியில் ரொட்டி போடுகிறவர். அப்பா போன பிறகு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு மாவு பிசையப் போனவர், இவளைப் படிக்க வைத்து, கம்ப்யூட்டர் கிளாஸில் சேர்த்து, கல்யாணமும் செய்துவைத்த பிறகும் பிசைந்துகொண்டேதான் இருந்தார். அவருக்கு இவள் இன்னமும் பாப்பா. தங்கை என்ன வேலை பார்க்கிறாள் என்று யாராவது கேட்டால், "போனு இருக்குல்ல, அதுக்குள்ள வர்றதெல்லாம் எங்க பாப்பா போடறதுதான்" என்று மொத்தப் போனையும் அவள் கணக்கில் எழுதிவிடுவார். அவள் திருத்திப் பார்த்து அலுத்துப்போய் விட்டுவிட்டாள்.

அந்த வருஷம் அவள் வரைந்தது மாத்திரை நேரத்தை நினைவூட்டும் செயலி. நேரம் வந்ததும் போன் மணியடிக்கும். அழுத்தும் வரை ஓயாது. திரையில் பாதியை அடைத்துக்கொண்டு பச்சையில் ஒரு பட்டன், 'சாப்பிட்டேன்' என்று. அதன் கீழே, தேடினால் கிடைக்கிற மாதிரி, சாம்பல் நிறத்தில் பொடியாக 'பிறகு' என்று இன்னொன்று. 'பிறகு' என்பதை அழுத்தினால் ஒரு சின்ன முகம் வரும், கண்ணில் ஒரு சொட்டுக் கண்ணீரோடு. நாட்காட்டித் திரையில் அன்றைய கட்டமும் சிவப்பாகிவிடும், 'சாப்பிட்டேன்' என்றால் பச்சையாகும். அந்தக் கண்ணீரை அவள் பதினொரு தரம் மாற்றி மாற்றி வரைந்தாள். ஆபீஸே அந்த முகத்தைத் தலையில் வைத்துக்கொண்டு ஆடியது.

சில மருத்துவமனைகளில் ஆயிரத்து இருநூறு நோயாளிகளுக்குக் கொடுத்து மூன்று மாதம் பரிசோதனை நடந்தது. யார் எந்த நாள் மாத்திரை சாப்பிட்டார்கள் என்பது டாக்டரின் திரையிலும் தெரியும். நூற்றுக்குத் தொண்ணூற்றேழு வேளை சாப்பிட்டிருந்தார்கள். மேனேஜருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. நல்ல மனுஷர், ஆனால் எண் என்றால் உருகிவிடுவார். 97 என்று தங்க நிறத்தில் பெரிதாக வெட்டி, ஆபீஸ் வாசலுக்கு எதிர்ச் சுவரில் ஒட்டினார். அவளும் தினமும் உள்ளே வரும்போது அதை ஒரு பார்வை பார்த்துக்கொண்டுதான் போனாள். பெருமைப்படக் கூடாதென்று சட்டமா என்ன.

அந்த ஆயிரத்து இருநூறில் அண்ணனும் ஒருவர். நாலைந்து வருஷமாக அவருக்கு ரத்த அழுத்தம். அவர் பார்க்கும் மருத்துவமனையும் பரிசோதனையில் இருந்ததால், தங்கை செய்த செயலி அவர் போனிலேயே வந்து உட்கார்ந்துகொண்டது. ரொட்டி வாங்க வந்தவர்களிடமெல்லாம் அதைத் திறந்து காட்டினார்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு அண்ணியிடமிருந்து போன் வந்தது. பேக்கரிக்கு வார விடுமுறை செவ்வாய்தான்.

"பதறாத. உங்க அண்ணன் எழுந்திரிச்சாரு, அப்படியே சாஞ்சுட்டாரு. நிலைப்படியில நெத்தி அடிச்சிருச்சு. இப்ப நல்லாப் பேசறாரு. ஆஸ்பத்திரியிலதான் இருக்கோம்."

பதறாத என்று சொன்னால் யார்தான் பதறாமல் இருப்பார்கள். அவள் போய்ச் சேர்ந்தபோது அண்ணன் கட்டிலில் படுத்திருந்தார், நெற்றியில் நாலு தையல், அதைச் சுற்றிக் கட்டு. "ஒண்ணுமில்ல பாப்பா, நிலைப்படிக்குத்தான் அடி பலம்" என்றார். அண்ணி முறைத்தாள். தங்கையால் சிரிக்கவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை. கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

டாக்டர் இளம் வயதுக்காரர், பொறுமையாகப் பேசினார். ரத்த அழுத்தம் திடீரென்று ரொம்ப இறங்கிவிட்டது, அதனால்தான் மயக்கம் என்றார். "எனக்கே புரியல. போன தடவை வந்தப்ப அழுத்தம் ரொம்ப அதிகம். மாத்திரையை ஒழுங்காச் சாப்பிட்டும் குறையலையேன்னுதான் அளவைக் கூட்டி, புதுசா இன்னொண்ணும் சேர்த்தேன். இன்னைக்குப் பார்த்தா பாதாளத்துக்குப் போயிருக்கு." தன் மேஜையில் இருந்த திரையை அவர் அவள் பக்கம் திருப்பினார். "பாருங்க, மொத நாளைத் தவிர ஒரு நாள்கூட விடல."

அவள் பார்த்தாள். அவள் வரைந்த திரை, அவள் தேர்ந்தெடுத்த பச்சை. முதல் கட்டம் மட்டும் சிவப்பு, அதற்குப் பிறகு மூன்று மாதமும் ஒரே பச்சை. வேறு யாராக இருந்தாலும் தலையாட்டிவிட்டுப் போயிருப்பார்கள். அவள் ஒரு கட்டத்தைத் தொட்டாள். மணியடித்த நேரமும் பட்டன் அழுத்திய நேரமும் உள்ளே பொடி எழுத்தில் இருக்கும். அதை வைத்ததும் அவள்தான், வைத்த பிறகு யாரும், அவள் உட்பட, திறந்து பார்த்ததில்லை. ஏழு மணிக்கு மணி, ஏழு மணி நாலு விநாடிக்கு 'சாப்பிட்டேன்'. அடுத்த கட்டம், ஏழு மணி மூணு விநாடி. அதற்கடுத்தது நாலு. அதற்கடுத்தது மறுபடியும் நாலு.

நாலு விநாடியில் மாத்திரை அட்டையை எடுக்கலாம். அவ்வளவுதான் முடியும். பிரித்து, தண்ணீர் பிடித்து, விழுங்க முடியாது.

கட்டிலுக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தாள். "அண்ணே, மாத்திரையை எங்க வெச்சிருக்கீங்க?"

"வீட்லதான். ஃப்ரிட்ஜ் மேல."

"போன் எங்க அடிக்கும்?"

"என்ன கேள்வி இது. ஏழு மணிக்கு நான் எங்க இருப்பேன்? கடையிலதான்."

அண்ணி அண்ணனைத் திரும்பிப் பார்த்தாள். அண்ணன் கட்டுப் போட்ட தலையைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வெளியே வந்தது. முன்பெல்லாம் காலை நாலேகாலுக்கு அவர் கடைக்குக் கிளம்பும்போது, செருப்பைப் போடவிடாமல் மறித்து நின்று மாத்திரையைக் கையில் கொடுப்பது அண்ணிதான். செயலி வந்ததும் விட்டுவிட்டாள். "ஏழு மணின்னு போட்டிருந்துச்சா, டாக்டர் சொன்ன நேரம்தான் போலன்னு நினைச்சோம். இனிமே பாப்பா போனு பாத்துக்கும்னு நானும் நிம்மதியா வேலைக்குப் போயிட்டேன்" என்றாள். ஏழு மணி என்பது டாக்டர் சொன்னதே இல்லை. ஏதாவது ஒரு நேரம் இருக்கட்டுமே என்று, திரை வரையும்போது தங்கை போட்டுவைத்தது. மாற்றிக்கொள்ளலாம், ஆனால் மூன்று திரை தாண்டி உள்ளே போக வேண்டும். ஏழு மணிக்கு அண்ணனின் இரண்டு கையும் மாவில் இருக்கும். பக்கத்தில் மாவுத் தட்டின் ஓரமாகப் போன் கத்தும்.

"பட்டன் நல்லாப் பெரிசா வெச்சிருந்தியா, முழங்கையாலயே அழுத்திடுவேன்" என்றார் அண்ணன். பாராட்டாகத்தான் சொன்னார். "சாயங்காலம் வீட்டுக்கு வந்து போட்டுக்கலாம்னு நினைப்பேன். வந்தா மறந்துடும். இன்னைக்குக் கடை லீவு, வீட்ல இருந்தேனா, உங்க அண்ணிதான் புடிச்சு உக்கார வெச்சு, புது மாத்திரை, பழைய மாத்திரை எல்லாத்தையும் ஒண்ணாக் குடுத்தா."

அவளுக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாததால் அவர் மேலேயே காட்டினாள். "சாப்பிடலைன்னா சாப்பிடலைன்னு அழுத்த வேண்டியதுதானே? கீழ இன்னொரு பட்டன் இருந்துச்சே அண்ணே?"

அவர் நெற்றிக் கட்டைத் தடவிப் பார்த்துக்கொண்டார். பிறகு சொன்னார். "மொத நாளு அதைத்தான் அழுத்தினேன். அழற மூஞ்சி ஒண்ணு வந்துச்சு. கட்டம் வேற சிவப்பாயிருச்சு. நீ போட்டது, உன் ஆபீஸ்ல பார்ப்பாங்க, சொந்த அண்ணனே ஒழுங்கா இல்லைன்னு உனக்குக் கெட்ட பேரு வந்துடும்னு நினைச்சேன். அதுக்கப்புறம் பச்சையைத் தவிர எதையும் தொடல."

அவள் எழுந்து வெளியே வந்து, தண்ணீர்க் குழாயடியில் நின்று அழுதாள். பதினொரு தரம் வரைந்த கண்ணீர்ச் சொட்டு. முகத்தைக் கழுவிக்கொண்டு உள்ளே போய் டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் புது மாத்திரையை நிறுத்தி, அளவைப் பழையபடி குறைத்து எழுதினார். எழுதி முடித்துவிட்டு, "இது உங்க அண்ணன் ஒருத்தர் விஷயம்தானா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வியோடுதான் மறுநாள் ஆபீஸுக்குப் போனாள். சுவரில் இருந்த தங்க எண்ணைப் பார்க்கவில்லை. ஆயிரத்து இருநூறு பேரின் கட்டங்களையும் இறக்கி, மணிக்கும் அழுத்தலுக்கும் இடையில் எத்தனை விநாடி என்று ஒரு பத்தி சேர்த்தாள். மத்தியானம் வரை சாப்பிடப் போகவில்லை. பாதிக்கு மேல் ஐந்து விநாடிக்குள் அழுத்தப்பட்டவை. மாத்திரையைத் தயாராகக் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்பவர்களும் அதில் இருக்கலாம்தான். ஆனால் ஊரில் பாதிப்பேர் அப்படிக் காத்திருப்பார்கள் என்று நம்ப, காதில் பூச் சுற்றிக்கொண்டு உட்கார வேண்டும்.

மேனேஜர் அறைக்குப் போய்க் காட்டினாள். நாளை, வியாழக்கிழமை, பெரிய மருத்துவமனைக் குழு ஒன்று வருகிறது. அவர்கள் சரி என்றால் பதினெட்டு ஊர்களில் செயலி நடைமுறைக்கு வரும். அவர் பத்தியை மேலிருந்து கீழே பார்த்தார், திரும்பக் கீழிருந்து மேலே பார்த்தார்.

"அக்கா, நீங்க சொல்றது புரியுது. நாளைக்கு முடியட்டும். அடுத்த மாசம் சத்தமில்லாம சரி பண்ணிடலாம். தொண்ணூத்தேழுதான் நம்மகிட்ட இருக்கிற ஒரே நல்ல விஷயம்."

"அது நம்மகிட்ட இல்லவே இல்லையே."

"நீங்க வரைஞ்சதுதானே அது?"

"அதனாலதான் சொல்றேன். இந்தப் பச்சையைப் பார்த்துத்தான் டாக்டருங்க அளவைக் கூட்டறாங்க. அடுத்த மாசம் வரைக்கும் எத்தனை பேருக்குக் கூட்டுவாங்கன்னு எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. எங்க அண்ணனுக்கு நாலு தையலோட போச்சு."

மேனேஜருக்கு அண்ணன் விஷயம் அப்போதுதான் தெரியும். கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தார். "இப்ப எப்படி இருக்கார்?" என்று கேட்டார். நன்றாக இருக்கிறார் என்றாள். வேப்பங்காயைக் கடித்த முகத்தோடு கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து, பரிசோதனையில் இருந்த எல்லா மருத்துவமனைகளுக்கும், திரையில் தெரியும் பச்சையை நம்பி அளவைக் கூட்ட வேண்டாம், நோயாளியை நேரில் கேளுங்கள் என்று அப்போதே கடிதம் எழுதினார். அவரைப் பற்றி முன்பு சொன்னதில் பாதியை நான் திருப்பி எடுத்துக்கொள்கிறேன்.

வியாழக்கிழமை அவளே குழுவின் முன்னால் நின்றாள். 97 என்று போட்டாள், பக்கத்தில் விநாடிப் பத்தியைப் போட்டாள். முழங்கையையும் மாவையும் பற்றிச் சொன்னாள். அண்ணன் என்று சொல்லவில்லை, ஒரு ரொட்டிக்காரர் என்று சொன்னாள். நடுவில் ஓர் இடத்தில் நிறுத்தி, தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தாள். குழுவில் இருந்த மூத்த பெண் டாக்டர், "சரி பண்ணிக் கொண்டாங்க, மறுபடி பார்க்கலாம்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பினார். பதினெட்டு ஊர்களும் அவரோடு போயின. ஒரு வாரம் ஆபீஸில் அவளோடு யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. தங்க எண்ணைச் சுவரிலிருந்து எடுத்தார்கள், பெயிண்டும் சேர்ந்து உரிந்து வந்ததால் தூரத்திலிருந்து பார்த்தால் இன்னமும் 97 என்றே தெரிந்தது.

அடுத்த திங்கட்கிழமை காலை நாலரை மணிக்கு அவள் பேக்கரி வாசலில் நின்றாள், கையில் ஒரு நோட்டோடு. இத்தனை நாளும் அவள் தன் திரைகளைச் சோதித்துப் பார்த்தது ஆபீஸ் சோபாவில். உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் சுத்தமான கையோடு, ஏசியில், வேறு வேலை இல்லாமல் உட்கார்ந்திருந்தவர்கள். பட்டன் போட்டவர் லிஃப்டில் ஏறியிருப்பாரா என்று உலகத்தையே கேட்டவள், சொந்த அண்ணனின் கடைக்குள் ஏறிப் பார்க்கவில்லை. அது அவளுக்கு நன்றாகவே உறைத்தது.

அண்ணனுக்கோ தங்கை வந்ததில் தலைகால் புரியவில்லை. "பாப்பா, அந்தப் பக்கம் போகாத, அடுப்புச் சூடு" என்று நாற்பத்து மூன்று வயதுக்காரியை எச்சரித்தார். அவள் மூட்டையின் மேல் உட்கார்ந்து எழுதினாள். எத்தனை மணிக்கு முதல் மாவு, எத்தனை மணிக்குக் கை கழுவுகிறார், போன் எங்கே இருக்கிறது, டீ எப்போது. செவ்வாய் விடுமுறை போக மூன்று நாள் எழுதினாள். நாள் முழுக்க அவர் உட்கார்ந்தது ஐந்தே முக்காலுக்கு, முதல் அடுக்கு ரொட்டி அடுப்பில் வேகிற பதினைந்து நிமிஷம்தான். அப்போது மட்டும்தான் அவர் கை சுத்தமாக இருந்தது. பிறகு அந்த நோட்டோடு ஒரு பஸ் டிரைவரின் வண்டியிலும், இரண்டு பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் ஒரு தாயின் சமையலறையிலும், ஒரு சலவைக் கடையிலும் போய் உட்கார்ந்தாள்.

புதுத் திரைக்கு ஆறு வாரம் ஆனது. இப்போது செயலி முதலில் கேட்பது, மாத்திரை எங்கே இருக்கும் என்று. அடுத்தது, அந்த இடத்தில் நீங்கள் எத்தனை மணிக்கு இருப்பீர்கள் என்று. நேரத்தை அவர்களே சொல்லாமல் மணி அடிக்காது. அடித்தால் இரண்டு பட்டன், ஒரே அளவு, ஒரே நிறம். 'சாப்பிட்டேன்', 'இன்னும் இல்லை'. இரண்டாவதை அழுத்தினால் அழுகிற முகம் கிடையாது, சிவப்பும் கிடையாது. 'சரி. எப்போது கேட்கட்டும்?' என்று மட்டும் வரும்.

மறுபடி ஒரு மாதம் சோதித்தார்கள். அறுபத்து நாலு வந்தது. ஆபீஸில் சிலருக்கு முகம் தொங்கிவிட்டது. மேனேஜர் அந்த எண்ணைச் சுவரில் ஒட்டவில்லை, ஆனால் கடிதத்தில் எழுதி அந்தப் பெண் டாக்டருக்கு அனுப்பினார். "இதை நம்பலாம். வந்து பேசுங்கள்" என்று இரண்டே வரியில் பதில் வந்தது.

அண்ணன் இப்போது அண்ணி கையால் வாங்கிய ஒரு மாத்திரை அட்டையைக் கடைக்கும் எடுத்துப்போய், சர்க்கரை டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார். நேரம், ஐந்தே முக்கால். அழுத்தம் மெல்ல ஓர் ஒழுங்குக்கு வந்துகொண்டிருந்தது. ஆனாலும் அவள் ஒரு காலை சொல்லாமல் கொள்ளாமல் கடைக்குப் போனாள். அன்றைக்குப் பார்த்து ஓர் அடுப்பு மக்கர் பண்ணியிருந்தது. ஐந்தே முக்காலுக்கு அவர் உட்காரவில்லை, கையெல்லாம் மாவு. போன் அடித்தது.

அவர் போனைப் பார்த்தார், வாசலில் நின்ற அவளைப் பார்த்தார். முழங்கை போன் வரைக்கும் போய் அந்தரத்தில் நின்றது.

"சாப்பிடல பாப்பா" என்றார், தப்புச் செய்துவிட்டவர் மாதிரி.

"சரி அண்ணே."

"அப்ப இதை அழுத்தட்டுமா? உனக்கு ஒண்ணும் ஆகாதே?"

"எனக்கு ஒண்ணும் ஆகாது. அழுத்துங்க."

அவர் குனிந்து, நிதானமாகப் பார்த்து, முழங்கையால் 'இன்னும் இல்லை' என்பதை அழுத்தினார். அழுத்திவிட்டு, முகம் ஏதாவது வருகிறதா என்று கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.